40 வாட்ஸ் ஆம்பிளிஃபையருக்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும்?

ஜனவரி 4 (கேள்வி)

என்னிடம் சேனலுக்கு 40 வாட்ஸ் தரும் ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர் இருக்கிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டும். 100 வாட்ஸ் ஸ்பீக்கரை இந்த ஆம்ப் இழுக்காது என்கிறார் ஒருவர். 40 வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கினால் எரிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கினால் பொருந்தும்?

ஜனவரி 4, இரவு

இருவர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரின் முதுகில் போட்டிருக்கும் வாட்ஸ், உள்ளே ஒலியை எழுப்பும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதற்கான எண். காதுக்கு வரும் சத்தத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 100 வாட்ஸ் ஸ்பீக்கர் கால் வாட்டிலும் அழகாகப் பாடும்.

40 வாட்ஸ் ஸ்பீக்கர் 40 வாட்ஸ் ஆம்பில் போய்விட்டது என்றால், பெரும்பாலும் ஒலி கரகரத்த பிறகும் யாரோ வால்யூமைத் திருகிக்கொண்டே போயிருப்பார்கள். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் உச்சி வெட்டுப்படும். சராசரி சக்தி ஏறும். மேல் அதிர்வெண்களும் கூடுதலாகக் கிளம்பும். அந்தச் சூடு மேல் சுரங்களைப் பாடும் சின்ன ட்வீட்டரின் மெல்லிய காயிலைத்தான் முதலில் பதம் பார்க்கும். கரகரப்பு காதில் பட்ட உடனே குறைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 5

அந்த எண்ணின் பெயர் சென்சிடிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் 1 வாட்.

என் ஆம்பும் 40 வாட்ஸ்தான், அதனால் என் அறையை வைத்தே கணக்குப் போடுகிறேன். நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்பீக்கர் 86 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் 8 டெசிபல் போகும், மிச்சம் 78. இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் 3 கூடும், 81. சுவர்கள் திருப்பித் தருவதை நான் சேர்க்கவில்லை, அது உபரி.

நான் வழக்கமாகக் கேட்பது 75 டெசிபல் அளவில். அதற்குக் கால் வாட் போதும். ஆனால் இசையில் திடீரென்று ஒரு அடி விழும்போது சராசரியைவிட 20 டெசிபல் மேலே எகிறலாம். அதாவது 95. 81லிருந்து 95க்குப் போக 14 டெசிபல் வேண்டும். 14 டெசிபல் என்றால் 25 மடங்கு சக்தி. ஆக 25 வாட்ஸ். 40 வாட்ஸ் ஆம்ப் மூச்சு வாங்காமல் கொடுத்துவிடும்.

அதே நாற்காலியில் 83 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால் 50 வாட்ஸ் கேட்கும். அங்கே நம் ஆம்ப் கொஞ்சம் திணறும். 3 டெசிபல் குறைந்தால் சக்தி இரட்டிப்பாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 40 வாட்ஸை விட்டு 80 வாட்ஸ் ஆம்ப் வாங்கினால் கிடைப்பதும் இதே 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல், பத்து மடங்கு சக்தி.

ஜனவரி 5, அரை மணி நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் கொடுத்தால் அது இழுப்பது 2 வாட்ஸ். ஆகவே 4 ஓம் ரகத்தில் 89 டெசிபல் என்று போட்டிருந்தால், வாட் கணக்கில் அது 86தான். 8 ஓமையும் 4 ஓமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஜனவரி 9

நானும் இப்போது ஸ்பீக்கர் தேடுகிறேன், அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். என் பழைய ஜோடியில் பேஸ் சில மாதங்களாகவே தளர்ந்து கிடந்தது. போன வாரம் முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றினேன். பேஸைத் தரும் பெரிய வூஃபரின் கோனைச் சுற்றி ஃபோம் வளையம் இருக்குமே, அதை விரலால் லேசாகத் தொட்டேன். பழைய ரப்பர் பேண்ட் மாதிரி பிசுபிசுத்து, தொட்ட இடம் தூளாகக் கையோடு வந்துவிட்டது. வலது ஸ்பீக்கரில் பாதி வளையம் ஏற்கெனவே உள்ளே உதிர்ந்து கிடந்தது.

ஃபோம் வளையம் பதினைந்து இருபது வருடத்தில் இப்படித்தான் ஆகும், எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும். ரப்பர் வளையம் இன்னும் நெடுநாள் வரும். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள் வேறு எதையும் பார்க்கும் முன்னால் அந்தத் துணியைக் கழற்றி இதைப் பாருங்கள்.

எனக்கு இந்த ஜோடியின் மேல் பிடிப்பு அதிகம். ஆனாலும் புதிது பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 14

தரையில் நிற்கும் ரகம் ஒன்றை ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். இடுப்புக்கு மேல் உயரம், ஒவ்வொன்றிலும் இரண்டு வூஃபர், 89 டெசிபல், 8 ஓம். முதல் பத்து நிமிடம் வாய் திறந்து உட்கார்ந்திருந்தேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் விழும் கும்கி வயிற்றில் வந்து இறங்குகிறது. இதுவேதான் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 17

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். 14ஆம் தேதி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேஸ் கிடாரில் சுரங்கள் வரிசையாக இறங்கும் ஒரு பதிவு. எல்லாச் சுரமும் ஒரே பலத்தில்தான் வாசிக்கப்பட்டிருக்கிறது, ஹெட்ஃபோனில் கேட்டால் தெளிவாகத் தெரிகிறது. இந்த ஸ்பீக்கரில் கீழே ஒரு சுரம் வந்ததும் அறையே எழுந்து நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி கிர்ரென்கிறது. அடுத்த சுரம் வந்த பிறகும் முந்தையது அடங்கவில்லை. மிருதங்கத்தில் எனக்குப் பிடித்துப்போன அந்தக் கும்கியும் இப்போது எந்தப் பதிவைப் போட்டாலும் ஒரே மாதிரி கேட்கிறது. பத்து வித்வான்களும் ஒரே தோலில் வாசிப்பது போல. அது மிருதங்கமே இல்லை, என் அறை.

அளந்து பார்த்தேன். அறை 4.2 மீட்டர் நீளம், 3.2 அகலம், 2.9 உயரம். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை எந்த அதிர்வெண்ணில் தானாக முழங்கும் என்று வரும். நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 54, உயரத்துக்கு 59. நான்கு தந்தி பேஸ் கிடாரின் ஆகக் கீழ்ச் சுரமே 41 ஹெர்ட்ஸ். என் அறையின் நீளமும் அந்தத் தந்தியும் சொல்லிவைத்த மாதிரி பொருந்தியிருக்கின்றன.

பழைய ஸ்பீக்கர் 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல அடங்கிவிடும், ஆகவே இத்தனை வருடமும் இந்த அறையின் குணம் எனக்குத் தெரியவே இல்லை. புது ஸ்பீக்கர் 38 வரை இறங்குகிறது. தப்பு அதன் மேல் இல்லை.

இந்த அளவு அறையில் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதை ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் தீர்மானிக்கிறது. கேள்வி கேட்டவர் ஆம்புக்குப் பொருந்துமா என்று கேட்டிருந்தார். நான் முதல் நாளே அறைக்குப் பொருந்துமா என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

ஜனவரி 18

என் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருந்தது. சுவரோரத்தில் அந்த 41 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். நாற்காலியை முன்னால் 70 சென்டிமீட்டர் இழுத்துப் போட்டேன். காசு செலவில்லாமல் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

மீதிப் பாதிக்கு, ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் போர்ட் ஓட்டையில் ஃபோம் அடைத்துப் பார்த்தேன். முழக்கம் இன்னும் குறைந்தது. ஆனால் போர்ட் திறந்திருக்கும்படி வடிவமைத்ததை அடைத்துவைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் கேட்பதா? திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

ஜனவரி 26

அடுத்தது ஸ்டாண்டில் வைக்கும் சின்ன ரகம். ஒரு வூஃபர், ஒரு ட்வீட்டர், 86 டெசிபல், 6 ஓம். பாடுகிறவரின் குரல் பரவாயில்லை, ஆனால் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, அறை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பேஸ் என்பது பேருக்குக்கூட இல்லை. இவ்வளவு பேர் புகழ்ந்த ஸ்பீக்கர் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. வேண்டாம்.

ஜனவரி 27

நேற்று எழுதியது முழுத் தவறு. அழிக்காமல் விடுகிறேன், படிப்பவருக்கு உதவும்.

காலையில் ஒயரைக் கழற்றப் போனேன். இடது ஸ்பீக்கரில் சிவப்பு முனையில் கருப்பு ஒயர், கருப்பு முனையில் சிவப்பு. இரவில் மங்கலான விளக்கில் மாட்டியது. ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போயிருக்கிறது. கீழ் அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் சிதறிவிடும். நேற்று நான் எழுதிய குறைகள் இரண்டுக்கும் இதுதான் காரணம்.

மாற்றி மாட்டினேன். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, காற்றில், ஒரு ஆள் நிற்கும் இடத்தில் வந்து நின்றது. பேஸ் வந்துவிட்டது.

சோதிக்க எளிய வழி: இரண்டு ஸ்பீக்கரையும் முகத்தோடு முகம் வைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, மோனோவில் எதையாவது போடுங்கள். பிறகு ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றிப் போடுங்கள். எந்த இணைப்பில் பேஸ் அதிகமோ அதுவே சரி. ஒவ்வொரு முறையும் ஒயரைக் கழற்றி மாட்டும்போது ஆம்பை அணைத்துவிடுங்கள். பிரித்துப் பார்க்கும் பழைய ஸ்பீக்கரில் வூஃபர் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தாலும் போதும். பிளஸ், பிளஸில் பட்டால் கோன் வெளியே துள்ளும்.

பிப்ரவரி 3

6 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஆம்பில் ஓடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் ஒன்று: 8 ஓம் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்லும் எண். மல்டிமீட்டரில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் பக்கத்தில்தான் காட்டும், அது நேர்மின்னோட்டத் தடை. பாட்டு ஓடும்போது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் இது மாறும், ஓரிடத்தில் 30 ஓமுக்கு ஏறும், இன்னோரிடத்தில் 4க்கும் கீழே விழும் ஸ்பீக்கர்கள் உண்டு. ஆம்பைக் கஷ்டப்படுத்துவது அந்தக் கீழ்ப்புள்ளி. குறிப்பேட்டில் குறைந்தபட்ச ஓம் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஆம்பின் முதுகில் 4 ஓம் வரை என்று போட்டிருந்தால் 6 ஓம் ஸ்பீக்கருக்குக் கவலையே வேண்டாம். ஆனால் ஆம்பின் ஏ, பி முனைகளில் இரண்டு ஜோடி ஸ்பீக்கரை மாட்டிச் சேர்த்து ஓட்டினால் பெரும்பாலான ஆம்பில் அவை பக்க இணைப்பாகும். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4, 6 ஓம் இரண்டு சேர்ந்தால் 3. அங்கே கவலைப்படலாம்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. அதன் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஸ்பீக்கர் பக்கம் அது காட்டும் உள்தடை, அதிகம். ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்கும்போது ஒலியும் கூடவே ஏறி இறங்கும். ஒரே ஸ்பீக்கர் வால்வு ஆம்பில் ஒரு குணமும் டிரான்சிஸ்டர் ஆம்பில் வேறு குணமும் காட்டுவதற்கு இது ஒரு நிஜமான காரணம். உங்களுடையது வால்வு என்றால் ஓம் வரைபடம் தட்டையாக இருக்கும் ஸ்பீக்கராகத் தேடுங்கள்.

பிப்ரவரி 8

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தம், மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற ஸ்பீக்கர் எது என்று கேட்கிறார்கள். கிடைக்காது. ஹாஃப்மன் விதி என்று இதற்கே ஒரு பெயர் இருக்கிறது: மூன்றில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பெட்டியின் கொள்ளளவை மாற்றாமல் பேஸை ஒரு ஸ்தாயி கீழே இறக்க வேண்டுமென்றால், திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். 9 டெசிபல் போச்சு.

1954இல் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர் மூடிய சின்னப் பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தபோது பீரோ அளவு பெட்டிகள் வைத்திருந்தவர்களுக்கு அது நம்ப முடியாத விஷயம். அதற்கு விலையாகப் போனது திறன். பெரிய ஆம்ப் தேவைப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆஸ்திரேலியாவில் தீல், ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள் இதையெல்லாம் கணிதமாக எழுதிவைத்தார்கள். இன்றைக்கு எந்த நிறுவனம் பெட்டி செய்தாலும் அந்தச் சமன்பாடுகளில்தான் தொடங்குகிறது.

எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஏறக்குறைய 5 லிட்டர் மூடிய பெட்டி, 83 டெசிபல் அளவு. ஆழமான பேஸுக்கு அது ஆசைப்படவே இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து அறிவிப்பாளரின் குரல் சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் அதைச் செய்தார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று தெளிவாக முடிவு செய்ததால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் அதைத் தேடி வாங்குகிறார்கள். கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், சரி.

பிப்ரவரி 16

பழைய ஜோடிக்குப் புது வளையம் ஒட்டிவிட்டேன். பழைய பசையைக் கோனின் விளிம்பிலிருந்து சுரண்டி எடுக்கவே ஒரு மாலை ஆனது. ஒட்டும்போது கோன் நட்டநடுவில் நிற்க வேண்டும், இல்லையென்றால் காயில் காந்தத்தின் இடுக்கில் உரசும். பசை காயும் முன் இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கோனை மெல்ல அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோனேன். முதல் முறை கரக்கென்று மெல்லிய உரசல் கேட்டது. ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தினேன், சத்தமில்லாமல் போய் வந்தது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.

இப்போது இரண்டு ஜோடி இருக்கிறது. ஏ-யில் சின்னப் புதுசு, பி-யில் பழைய ஜோடி, பக்கத்தில் பக்கத்தில். மாற்றி மாற்றிக் கேட்டேன். பழையது ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. இன்னும் உயிரோடு, இன்னும் நெருக்கமாக. இத்தனை அலைந்தது வீணோ என்று தோன்றியது.

பிப்ரவரி 17

தூங்கி எழுந்ததும் உறைத்தது. பழையது 88 டெசிபல், புதியது 86. ஒரே வால்யூமில் பழையது எப்போதும் 2 டெசிபலாவது கூடுதலாக ஒலித்திருக்கும். சத்தம் கொஞ்சம் கூடினால் நம் காதுக்கு பேஸும் கூடுதலாகத் தெரியும், நெருக்கமாகவும் தெரியும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீட்டை நான் எழுதியிருக்கவே கூடாது.

இன்று பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான சீரான இரைச்சல்) ஓடவிட்டு, நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் போனை வைத்து அளந்தேன். 2 டெசிபல் வித்தியாசம். என் ஆம்பில் ஒரு எண் அரை டெசிபல், ஆகவே பி-க்கு மாறும்போது நான்கு எண் குறைக்க வேண்டும். முன்னால் மெல்லிய துணி தொங்கவிட்டு, தங்கையை மாற்றச் சொன்னேன், எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. 12 முறை. குரல் இருந்த பதிவுகளில் 12இல் 9 முறை புதிய ஜோடியைத் தேர்ந்திருக்கிறேன். பழையது என்று உறுதியாக நினைத்துச் சொன்னவற்றில் மூன்று, புதியது.

1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் இதைத்தான் காட்டினார்கள். பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் பார்க்காமல் கேட்டவர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் வேறு வேறாக வந்தன. படித்திருக்கிறேன். ஆனாலும் என் பழைய ஜோடியைக் கண்ணால் பார்க்கும்போது அது நன்றாகக் கேட்கிறது, அதை நான் தடுக்க முடியவில்லை.

மார்ச் 2

மூன்று சின்னப் பதில்கள்.

ஒயர்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் போய்த் திரும்பினால் மொத்தத் தடை 0.07 ஓம் அளவுதான். 6 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் ஒயரில் செலவு செய்ய நினைத்தால் அந்தப் பணத்தை ஸ்டாண்டில் போடுங்கள்.

புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினால்தான் திறக்கும் என்பது: வூஃபரின் தாங்கி கொஞ்சம் தளரும், அதுவும் சீக்கிரமே. மீதி நம் காது பழகுவது.

ட்வீட்டர் உயரம்: உட்கார்ந்தால் காது எந்த உயரமோ அதே உயரம். என் ஸ்டாண்ட் 8 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது, கீழே மரக்கட்டை கொடுத்தேன். வயலினின் வில் உரசல் இப்போதுதான் முழுதாகக் காதுக்கு வருகிறது.

மார்ச் 15

சின்ன ஜோடியையே வாங்கிவிட்டேன். சுவருக்கும் அதன் முகத்துக்கும் 60 சென்டிமீட்டர் விட்டபோது ஆண் குரலில் ஒரு பள்ளம் விழுந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியைக் கழித்துவிடுகிறது, 343ஐ தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும் எண். ஒரு மீட்டருக்கு இழுத்தேன், பள்ளம் 86க்கு இறங்கியது, குரல் நிமிர்ந்தது. அப்படி வைத்தால் அறையில் நடக்க இடம் குறைகிறது, ஆகவே கேட்காத நேரத்தில் பின்னால் தள்ளிவிடுகிறேன். தரையில் நான்கு மூலைக்கும் டேப் ஒட்டியிருக்கிறேன். மாலையில் இழுத்து டேப்பில் நிறுத்திவிட்டுத்தான் ஆம்பைப் போடுகிறேன். பழைய ஜோடி பக்கத்து அறைக்குப் போய்விட்டது. அது பெரிய அறை, அங்கே அது இன்னும் நன்றாக மூச்சு விடுகிறது.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் 40 வாட்ஸுக்கு 86 டெசிபலோ அதற்கு மேலோ இருந்து, குறைந்தபட்சம் 4 ஓமுக்குக் கீழே விழாத எதுவும் சரி. ஆம்ப் பக்கத்து வேலை அதோடு முடிந்தது. அறையின் நீளம், அகலம், உயரம், நாற்காலிக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு முன்னால் இழுக்க முடியும், இந்த ஐந்தையும் அளந்து எழுதுங்கள். உங்களுக்குப் பெரியதா சின்னதா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.